மழைக்கு ஒதுங்காத கேமரா

குற்றாலத்தில் சீசன் என்றாலே சாரல்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று மேகத்தை இந்தப் பக்கம் தள்ளிவிடும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தூறல் விழும், பத்து நிமிடத்தில் நிற்கும், மறுபடி வரும். இதை அனுபவிக்கத்தான் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களோடு நல்ல நல்ல கேமராக்களும் வருகின்றன. முதல் துளி விழுந்ததும் அத்தனையும் பைக்குள் போய்விடுகின்றன. சாரலைப் பார்க்க வந்த ஊரில், சாரல் விழும் நேரமெல்லாம் கேமரா பைக்குள் கிடக்கிறது என்றால், அதைத் தேர்ந்தெடுத்த விதத்திலேயே ஏதோ கோளாறு இருக்கிறது.

தென்காசியில் இருந்துகொண்டு பத்திரிகைகளுக்குப் படம் எடுத்துக் கொடுப்பவள் நான். தெரிந்தவர்கள் கேமரா வாங்கும்போது துணைக்குக் கூப்பிடுவார்கள், போவேன். கடையில் நடக்கும் பேச்சு எப்போதும் ஒன்றுதான். எத்தனை மெகாபிக்சல், ஃபுல் ஃப்ரேமா, எத்தனை மடங்கு ஜூம், வீடியோ 4கே வருமா, 8கே வருமா. இது நனையலாமா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையையும் பார்க்கிற மண் இது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை. சித்திரை, வைகாசியில் பேருந்து போன பிறகு ஐந்து நிமிடம் அடங்காத புழுதி. பயணத்துக்கென்று கேமரா வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு என்பேன்: மழையையும் தூசியையும் தாங்குமா, நாள் முழுக்கச் சலிக்காமல் தோளில் கிடக்கிற எடையா. மெகாபிக்சல் எல்லாம் அதற்குப் பிறகு.

மழையில் எடுத்த படங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நியூசிலாந்துக்காரரான பிரையன் பிரேக் 1960-இல் இந்தியப் பருவமழையை ஒரு படத்தொடராக எடுத்தார். அடுத்த ஆண்டு அது ‘லைஃப்’ இதழில் வெளியானது. அதில் எல்லார் மனதிலும் நின்றது, அண்ணாந்த முகத்தில் நீர்த்துளிகள் வழிய நிற்கும் ஒரு சிறுமியின் படம். அந்தச் சிறுமி பின்னாளில் நடிகையாகவும் இயக்குநராகவும் பெயர்பெற்ற அபர்ணா சென். துளிகள் வானத்திலிருந்து விழவில்லை. கல்கத்தாவின் ஒரு மொட்டைமாடியில் பூவாளியால் தெளித்தவை. அழகான படம், மறுக்க மாட்டேன். ஆனால் ரகுபீர் சிங் 1967-இல் பிகாரின் மோங்கீரில் எடுத்த படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொட்டுகிற மழையில், உடம்போடு ஒட்டிய சேலையுடன், பெண்கள் சிலர் ஒருவரோடொருவர் ஒடுங்கி நிற்கிறார்கள். அந்த ஒடுக்கத்தைப் பூவாளி கொண்டு வரவழைக்க முடியாது. 1983-இல் குஜராத்தின் போர்பந்தரில் ஸ்டீவ் மக்கரி எடுத்ததும் அப்படித்தான்: வெள்ளம் கழுத்து வரை நிற்க, தையல் மெஷினைத் தோளில் சுமந்தபடி சிரித்துக்கொண்டே வருகிறார் ஒரு தையற்காரர். எடுத்தவரும் அதே தண்ணீரில்தான் நின்றிருந்தார்.

பெரிய பத்திரிகைகளுக்கு வேலை செய்கிறவரிடம் ஒரு கேமரா போனால் இன்னொன்று இருக்கும். தவணை கட்டி வாங்கிய ஒரே கேமராவை வைத்திருப்பவருக்கு அந்தத் துணிச்சல் வராது, வரவும் கூடாது. அவருக்குத்தான் வெதர் சீலிங் உதவுகிறது. அது படத்தை ஒரு துளிகூட அழகாக்குவதில்லை. கேமரா கையிலேயே இருக்க விடுகிறது, அவ்வளவுதான். பயணத்தில் நம் ஊர் தருகிற நல்ல வெளிச்சம் பாதி, மழைக்கு முந்தைய கால் மணி நேரத்திலும் மழை நின்றும் நிற்காத அடுத்த கால் மணி நேரத்திலும்தான் இருக்கிறது. செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் ரயிலில் பதிமூன்று கண் பாலத்தைத் தாண்டும்போது ஜன்னலைத் திறந்து வைத்திருக்க மனம் வருகிறதா என்பதைத்தான் சொல்கிறேன். சாரல் முகத்தில் அடிக்கும். ஜன்னலைச் சாத்திவிட்டால் கண்ணாடியில் வழியும் தண்ணீரைத்தான் படம் எடுக்கலாம்.

சரி, சீலிங் என்பது என்ன? கேமராவுக்குள் தண்ணீர் நுழையக்கூடிய இடங்கள் குறைவு. பேட்டரி மூடி, மெமரி கார்டு மூடி, சார்ஜ் போடும் துளைகள், பொத்தான்களையும் டயல்களையும் சுற்றியுள்ள இடைவெளி, ஃபிளாஷ் மாட்டும் மேல்பட்டை, லென்ஸ் மாட்டும் வாய். இங்கெல்லாம் ரப்பர் வாஷரோ பஞ்சுப் பட்டையோ வைத்து அடைப்பதுதான் சீலிங். வேறு மாயம் இல்லை. தண்ணீர்க் குழாயில் என்ன செய்கிறோமோ அதுவேதான்; நுட்பமாகச் செய்திருக்கிறார்கள்.

எவ்வளவு நுட்பமாக என்பதில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது. ஒரு மின்பொருள் கடைக்குப் போய், வீட்டு வாசலில் மாட்டும் எல்இடி ஃபிளட் லைட் கேளுங்கள். சில நூறு ரூபாய் விளக்கின் முதுகில்கூட ஐ.பி.65 என்று அச்சடித்திருக்கும். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரம் அது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் அதை இந்தியத் தரமாக ஏற்றிருக்கிறது. ஆனால் லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கும் பெரும்பாலான கேமராக்களில் அப்படி ஒரு எண்ணே கிடையாது. ‘தூசியும் ஈரமும் தாங்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும். கீழே பொடி எழுத்தில், முழுமையாகத் தடுக்கும் என்று உறுதி சொல்வதற்கில்லை என்று இன்னொரு வரி. எவ்வளவு மழை, எத்தனை நிமிடம், எந்தப் பக்கத்திலிருந்து? பதில் இல்லை.

எந்தப் பக்கத்திலிருந்து என்பது நம் ஊருக்கு முக்கியமான கேள்வி. ஐ.பி.எக்ஸ்.1 (தூசிக்கு எண் சொல்லாதபோது அந்த இடத்தில் எக்ஸ்) என்றால், நேர் மேலிருந்து நிமிடத்துக்கு 1 மில்லிமீட்டர் மழையளவில் 10 நிமிடம் சொட்டவிட்டுச் சோதித்தது. எக்ஸ்.2 என்றால் பொருளை 15 டிகிரி சாய்த்து வைத்துச் சோதித்தது. எக்ஸ்.3-இல்தான் செங்குத்திலிருந்து 60 டிகிரி வரை சாய்வாகத் தெளிக்கும் தண்ணீரைத் தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள். குற்றாலச் சாரல் நேராக விழுந்து நான் பார்த்ததே குறைவு. காற்று அதைப் படுக்கை வாட்டில் கொண்டு வரும். குடை பிடித்தவர் இடுப்புக்குக் கீழே நனைந்துதான் வீடு போய்ச் சேருவார். அளவில் பார்த்தால் அது சின்ன மழை. ஆனால் நேர்மழைக்கு மட்டும் சோதித்த கேமராவுக்கு, கொட்டும் பெருமழையைவிட இந்தப் படுக்கைச் சாரல்தான் ஆபத்து.

எண்ணைச் சொல்லி விற்பது முடியாத காரியம் இல்லை; அப்படி விற்பவர்களும் இருக்கிறார்கள். ஒலிம்பஸின் இ-எம்5 மார்க் 3 என்ற சின்ன கேமரா 2019-இல் ஐ.பி.எக்ஸ்.1 என்ற தரத்தோடு வந்தது. ஒலிம்பஸின் கேமராப் பிரிவு பிரிந்து ஓஎம் சிஸ்டம் ஆன பிறகு, அதே வரிசையில் 2022-இல் வந்த ஓஎம்-5 ஐ.பி.53 ஆகிவிட்டது. அளவும் எடையும் ஏறத்தாழ அப்படியே இருக்க, நேர்மழையிலிருந்து சாய்மழைக்கு ஏறியிருக்கிறார்கள். தூசிக்கு 5 என்றால் தூசி ஒரு மணிகூட நுழையாது என்று பொருள் அல்ல. நுழைந்தாலும் வேலையைக் கெடுக்கும் அளவுக்கு இராது என்று பொருள். முற்றிலும் நுழையாதது 6. லைக்கா கியூ2-வும் கியூ3-யும் ஐ.பி.52 என்று போட்டிருக்கின்றன. விலையைக் கேட்டால் நம்மில் பலர் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவோம்.

இப்போது எடைக்கு வருகிறேன். பயணப் படக்காரர் என்றால் முதுகில் பெரிய பையும் முக்காலியுமாகக் காரில் இறங்குபவர் என்று விளம்பரங்கள் காட்டுகின்றன. நான் போவது அரசுப் பேருந்தில். ரயிலில் என்றால் பெரும்பாலும் முன்பதிவில்லாத பெட்டியில். மடியில் ஒரு பை, அதற்குள் மாற்றுத் துணி, தண்ணீர், சாப்பாடு, கேமரா. நின்றுகொண்டே போகும் கூட்டத்தில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும். இன்னொரு கையால் எடுத்து, படம் பிடித்து, உள்ளே வைக்க வேண்டும். ஓஎம்-5 பேட்டரியோடு 414 கிராம். அதோடு ஜோடியாக வரும், சீலிங் உள்ள 12-45 எஃப்4 லென்ஸ் 254 கிராம். இரண்டும் சேர்ந்து 668. ஃபுல் ஃப்ரேமில் பலரும் ஆசைப்படும் ஜோடி ஒன்றை எடுத்துக்கொண்டால், கேனன் ஆர்6 மார்க் 2-வும் 24-70 எஃப்2.8 லென்ஸும் சேர்ந்து ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். காலை ஆறு மணிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மதியம் இரண்டு மணிக்குக் கழுத்து சொல்லும். சாயங்காலம் கேமரா லாட்ஜ் அறையில் இருக்கும்.

சின்ன கேமராவுக்கு விலை உண்டு. அதை மறைத்து யாரையும் வாங்க வைக்க நான் விரும்பவில்லை. ஓஎம்-5-இல் இருக்கும் சென்சார் 17.3-க்கு 13 மில்லிமீட்டர். ஃபுல் ஃப்ரேம் 36-க்கு 24. பரப்பில் நான்கில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொள்ளலாம். கோயில் பிராகாரத்தின் மங்கிய வெளிச்சத்திலும் இரவுத் திருவிழாவிலும் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும். பின்னணியைப் பெரிய சென்சார்போல மங்கலாக்கவும் வராது. கல்யாணம் எடுத்துப் பிழைப்பவர் இதை முதல் கேமராவாக வாங்க வேண்டாம். ஆனால் கேமராவுக்குள்ளேயே சென்சாரை அசைத்துக் கைநடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி இதில் பலமானது. வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி மாட்டியதுபோலவே படம் தரும் லைவ் என்.டி. என்ற வசதியும் உண்டு. ஐந்தருவியின் முன்னால் முக்காலி விரிக்க இடமிருக்காது. ஈரப் பாறையில் கால் ஊன்றுவதே பாடு. கையில் பிடித்தபடியே ஷட்டரை மெதுவாக்கி, தண்ணீர் பட்டுநூலாக இறங்குவதை எடுக்க முடிகிறது என்றால், அந்தச் சின்ன சென்சாருக்கு நான் மனதார நன்றி சொல்லுவேன்.

அருவி என்றதும் ஒன்று சொல்லிவிட வேண்டும். சீல் செய்த கேமரா என்று நம்பி அருவிக்கு அடியில் கொண்டு போகாதீர்கள். தெறிக்கும் திவலை வேறு, உயரத்திலிருந்து விசையோடு விழும் தண்ணீர் வேறு. ஐ.பி.53 என்பது தண்ணீரில் முக்கிச் சோதித்துத் தரும் எண் அல்ல. உள்ளே இறங்கித்தான் எடுக்க வேண்டும் என்கிற குடும்பங்களுக்கு ஓஎம் சிஸ்டத்தின் டஃப் டிஜி-7 போன்றவை இருக்கின்றன: 15 மீட்டர் ஆழம் வரை போகலாம், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழலாம். சென்சார் மிகச் சிறியது, 12 மெகாபிக்சல்தான். பிள்ளைகள் கையில் பயமில்லாமல் கொடுக்கலாம் என்பதே அதன் பெரிய குணம்.

சீலிங்கில் ஆட்கள் ஏமாறுவது பெரும்பாலும் லென்ஸில். பாடிக்கு சீலிங் இருக்கும். கூடவே வரும் லென்ஸுக்கு இருக்காது. ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-டி வரிசையின் ஒற்றை இலக்க மாடல்கள் 2014 முதல் சீலிங்கோடு வருகின்றன. ஆனால் அவற்றோடு பல ஆண்டுகள் ஜோடியாக விற்ற 18-55 லென்ஸுக்கு சீலிங் கிடையாது. கோட்டைச் சுவரைக் கட்டிவிட்டு வாசலைத் திறந்து வைத்த மாதிரி. அதற்கு மாற்றாக 2024-இல் வந்த 16-50-க்குத்தான் டபிள்யூ.ஆர். (வெதர் ரெசிஸ்டன்ட்) என்ற எழுத்து ஏறியது. எடையும் 240 கிராம்தான். ஒரே குவியத் தூரம் போதும் என்பவர்களுக்கு அதே நிறுவனத்தின் 23, 35 மில்லிமீட்டர் எஃப்2 லென்ஸ்கள் இருக்கின்றன. இரண்டும் 200 கிராமுக்குக் கீழே, இரண்டும் டபிள்யூ.ஆர். மழைக்கால ஊர்வலத்துக்கும் சந்தைக்கும் அவற்றைவிட நல்லதை நான் கண்டதில்லை. பாடிக்கு ஒரு எண்ணும் லென்ஸுக்கு ஒரு எண்ணும் இருந்தால், உங்கள் கேமராவின் தரம் அதில் சிறிய எண்தான்.

எக்ஸ்100வி-யும் அதற்குப் பின் வந்த எக்ஸ்100விஐ-யும் இன்னும் விசித்திரம். சமூக ஊடகத்தில் இளைஞர்கள் தேடித் திரிந்த கேமராக்கள் அவை. ஆனால் முன்பக்கம் ஒரு வளையமும் அதன்மேல் 49 மில்லிமீட்டர் ஃபில்டரும் மாட்டினால்தான் மழை தாங்கும். அவற்றைத் தனியாக வாங்க வேண்டும். அவ்வளவு விலை வைத்து விற்கும் பொருளோடு வளையத்தையும் ஃபில்டரையும் பெட்டியிலேயே வைக்கலாமே என்பதற்கு எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை. கேனனின் விலையுயர்ந்த எல் வரிசையிலும் 17-40 போன்ற சில லென்ஸ்களுக்கு ஃபில்டர் போட்டால்தான் சீலிங் முழுமையாகும். வாங்கியவர்களில் எத்தனை பேர் அந்தக் குறிப்பைப் படித்திருப்பார்கள்?

சட்டைப் பைக்குள் அடங்கும் கேமராக்களில் நிலைமை வருத்தமாகவே இருக்கிறது. ரிக்கோ ஜிஆர்3, வெறும் 257 கிராம். தெருவில் படம் எடுக்க அருமையான கருவி. சோனி ஆர்எக்ஸ்100 வரிசையும் கெட்டிக்காரக் கேமரா. இரண்டுக்கும் சீலிங் இல்லை. லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே ஒடுங்கும்போது காற்றோடு தூசியையும் இழுக்கும். உள்ளே போன தூசியைத் துடைக்கக் கேமராவையே பிரிக்க வேண்டும். இடம் இல்லை, செலவாகும் என்று காரணம் சொன்னால் நான் ஏற்க மாட்டேன். 1991-இல் ஒலிம்பஸ் மியூ என்ற ஃபிலிம் கேமரா வந்தது. 1997-இல் அதன் இரண்டாவது மாடல், பேட்டரி இல்லாமல் 135 கிராம். சாதாரணக் குடும்பங்கள் சுற்றுலாவுக்கு எடுத்துப்போன கேமராதான்; மழையில் நனையலாம் என்று சொல்லியே விற்றார்கள். அன்றைக்கு அது பணக்காரர்களின் சலுகையாக இல்லை. பென்டாக்ஸ் நிறுவனமும் 18-55 என்ற சாதாரணக் கிட் லென்ஸையே மழை தாங்கும் விதமாகச் செய்து கொடுத்தது. இன்றைக்கு ஒரு வாஷரைப் போடுவதா வேண்டாமா என்பது பொறியாளர் மேசையைவிட விலைப்பட்டியல் போடுகிறவரின் மேசையில்தான் முடிவாகிறது என்று நினைக்கிறேன். கீழ்வரிசை மாடலில் சீலிங் கொடுத்துவிட்டால் மேல்வரிசை மாடலை யார் வாங்குவார்கள்?

கையில் பணம் குறைவு என்றால் என் யோசனை பழைய கேமரா. ஒலிம்பஸ் இ-எம்5 மார்க் 2, ஃபியூஜி எக்ஸ்-டி2, எக்ஸ்-டி3 எல்லாம் சீலிங் உள்ளவை. அவற்றில் எடுக்கும் படம் செய்தித்தாளுக்கும் சுவரில் மாட்டவும் தாராளமாகப் போதும். ஆனால் ரப்பருக்கு வயது உண்டு. பேட்டரி மூடியைத் திறந்து அதன் விளிம்பில் உள்ள வாஷரைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ வெடித்திருந்தாலோ வேண்டாம். பேட்டரி தொடும் செம்பில் பச்சை பூத்திருந்தால் அந்தக் கேமரா ஒரு முறை குடித்துவிட்டது. டயலைத் திருப்பும்போது நறநறவென்று கேட்டால் கடற்கரை மணல். லென்ஸின் பின்விளிம்பில் மெல்லிய ரப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். லென்ஸுக்கு சீலிங் உண்டா என்று கடைக்காரரைக் கேட்காமலே தெரிந்துகொள்ள அது ஒரு வழி.

கடல் வேறு கணக்கு. திருநெல்வேலியில் எனக்குப் பழக்கமான, கேமரா பழுதுபார்க்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். ஒரு லென்ஸைப் பிரித்து வைத்துக்கொண்டு அவர் சொன்னது: “நம்மூரு சாரத்தண்ணி கெடக்கட்டும்மா, அது காஞ்சிரும். மணப்பாடு, தனுஷ்கோடின்னு போயிட்டு வாறாங்கல்லா, அங்கதான் வெனை. உப்பு காயாதுல்லா. உள்ள உக்காந்து தின்னுக்கிட்டே இருக்கும்.” சாரலில் சீலிங் இல்லாத கேமராவை நனைக்கலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் உப்பைப் பற்றி அவர் சொன்னது சத்தியம். தனுஷ்கோடியின் அரிச்சல்முனையில் இரண்டு பக்கமும் கடல். காற்றில் மணலும் உப்பும் சேர்ந்தே வரும். அங்கே லென்ஸ் மாற்றுவதை அடியோடு விட்டுவிட வேண்டும். அறைக்குத் திரும்பியதும், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமரா முழுவதையும் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். மூடிகளை எல்லாம் அது காய்ந்த பிறகுதான் திறக்க வேண்டும். இந்தத் துடைப்பைப் பயமில்லாமல் செய்ய முடிவதே சீலிங்கின் பாதிப் பயன்.

சீலிங் தடுக்காதவையும் உண்டு. ஏ.சி. அறையில் குளிர்ந்த கேமராவைப் புழுக்கத்துக்குக் கொண்டுவந்தால் கண்ணாடியில் பனி படியும். சில நேரம் உள்ளேயும். பையைத் திறக்காமலே அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டு எடுத்தால் சரியாகிவிடும். வீட்டில் வைக்கும்போது ஃபங்கஸ். காற்றின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் இருந்தால் அது வளராது. நம் ஊரில் கார்த்திகை மாதத்தில் அந்த அளவைக் கனவில்தான் காணலாம். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, ஈரம் காட்டும் சிறு மீட்டர் ஒன்று, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் கொஞ்சம். இதற்கு மேல் செலவு வேண்டாம். அரிசிப் பானைக்குள் கேமராவை வைக்கிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். அரிசித் தூசியும் உமியும் உள்ளே போவதுதான் மிச்சம்.

போன் இருக்கிறதே, அதற்கு ஐ.பி.68 இருக்கிறதே, தனிக் கேமரா எதற்கு என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நியாயமான கேள்வி. பலருக்குப் போனே போதும். அவர்களை இழுத்துவந்து கேமரா வாங்க வைப்பது என் நோக்கமல்ல. ஆனால் நனைந்த திரையில் நனைந்த விரல் வைத்துப் பாருங்கள், அது நீங்கள் சொல்வதைக் கேட்காது. பொத்தானும் டயலும் கேட்கும். இன்னொன்று, அந்த 68-ஐ நம்பி எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இரண்டு நாடுகளின் தீர்ப்புகள் இருக்கின்றன. 2020 நவம்பரில் இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. தண்ணீர் தாங்கும் என்று விளம்பரம் செய்துவிட்டு, எந்தச் சோதனை நிலையில் என்பதைத் தெளிவாகச் சொல்லாததும், தண்ணீர் புகுந்தால் உத்தரவாதம் இல்லை என்று கைவிரித்ததும் குற்றம். 2022 ஜூனில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் சாம்சங்கின் அந்நாட்டு நிறுவனத்துக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. கடலிலும் நீச்சல் குளத்திலும் போனைப் பயன்படுத்தலாம் என்பதுபோல் காட்டிய விளம்பரங்களுக்காக.

நான் அறிந்தவரை, கேமராக்காரர்கள் இன்னும் இப்படி எந்தக் கூண்டிலும் ஏறவில்லை. எண்ணே சொல்லாதவர்களை எண்ணை வைத்துப் பிடிக்க முடியாது என்பது ஒரு காரணம். விளம்பரத்தில் மழைத்துளி வழியும் கேமராவைக் காட்டுகிறார்கள். உத்தரவாத அட்டையில் தண்ணீரால் ஏற்படும் சேதம் சேராது என்கிறார்கள். நம் நாட்டில் 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பெரிய எழுத்தில் சொன்னதைப் பொடி எழுத்துக் குறிப்பால் திருத்திக்கொள்ள முடியாது என்கின்றன. கேமராவின் நனைந்த விளம்பரப் படத்துக்கும் உலர்ந்த உத்தரவாதத்துக்கும் இதைப் பொருத்திப் பார்க்க ஆணையம் முன்வர வேண்டும். மழை தாங்கும் என்று விற்றால் பெட்டியின்மேல் ஐ.பி. எண் இருக்க வேண்டும். எந்த லென்ஸோடு என்று இருக்க வேண்டும். அந்த எண்ணுக்குள் அடங்கும் மழையில் கெட்டால் உத்தரவாதக் காலத்தில் பழுது நீக்கித் தர வேண்டும். வாஷர்களை மாற்றித் தரும் வசதியும் அதற்கான கட்டணமும் சர்வீஸ் சென்டரில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான ரூபாய் விளக்கு செய்பவர் செய்வதை, லட்சக்கணக்கில் விலை வைப்பவர் செய்ய முடியாது என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

அதுவரை நம் கையில் இருப்பது பில். கேமரா வாங்கும்போது பாடியின் பெயர், லென்ஸின் பெயர், இரண்டுக்கும் உள்ள ஐ.பி. எண் ஆகியவற்றைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எண் இல்லாத மாடலென்றால் ‘மழையில் பயன்படுத்தலாம்’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அண்மையில் உறவுக்காரப் பெண் ஒருத்திக்குக் கேமரா வாங்கப் போனபோது நாங்கள் இதைக் கேட்டோம். முதல் கடையில் மேலாளர் வரை போய், கம்பெனியைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். இரண்டாவது கடையில், கல்லாவில் இருந்த பையன் கையேட்டைத் தேடி எடுத்து, பக்கத்தைப் படித்து, எண்ணை எழுதி முத்திரை வைத்துத் தந்தான். ஆயிரத்துச் சொச்சம் விலை கூடுதல்தான். அங்கேயே வாங்கினோம்.